பெரியவளிடம் சொல்லாதீர்கள்

"செத்துப்போயிடுவேன்னு தோணுதுங்க."

"சரி. இதுவரைக்கும் எத்தனை தடவை அப்படித் தோணியிருக்கு?"

"கணக்கே இல்லை."

"அதுல எத்தனை தடவை செத்தீங்க?"

பெரியவளுக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. மனுஷி உயிர் போகிற பயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இந்தப் பெண் கேலி பேசுகிறாளே என்று நிமிர்ந்து பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ஆலோசகரின் முகத்தில் கேலி இல்லை. பதில் தெரிந்தே ஆகவேண்டும் என்பதுபோலக் காத்திருந்தாள். அப்போது பெரியவளின் மூக்கிலிருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று அவளுக்கே சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

மனநல ஆலோசகரை முதன்முதலாகப் பார்க்கப் போன அன்று நடந்த பேச்சு இது. கடையின் இரும்புக் கதவை மேலே தூக்கும் ஒவ்வொரு காலையிலும் பெரியவளுக்கு இது நினைவுக்கு வரும். பேச்சைவிட அந்தச் சிரிப்புதான் நினைவில் நிற்கும். ஏனென்றால் அவளிடம் யாரும் வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

அவளுக்கு வீட்டில் பெரியவள் என்று பேர். தங்கை சின்னவள். அம்மா வைத்த பேர்கள், அப்படியே நிலைத்துவிட்டன. பெரியவளும் அவள் கணவனும் சேர்ந்து நடத்துவது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. முன்பக்கம் சுவர் முழுக்க ஃபிரேம்கள். பின்பக்கம் கணவனின் பட்டறை. அங்கே அவன் லென்ஸைத் தேய்த்து, விளிம்பு சீவி, ஃபிரேமுக்குள் பொருத்துவான். இரண்டுக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத ஒரு குறுகலான அறை. அதுதான் பெரியவளின் ராஜ்ஜியம். இருட்டில் ஒளிரும் எழுத்துப் பலகை, உயரும் தாழும் நாற்காலி, வரிசை வரிசையாக லென்ஸ்கள் அடுக்கிய பெட்டி. கல்லூரியில் கண் பரிசோதனை படித்துவிட்டு வந்ததிலிருந்து அந்த அறையில்தான் அவள் வேலை. "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்ற கேள்வியை அவள் தூக்கத்தில்கூடக் கேட்பாள் என்று கணவன் சொல்வான்.

ஒருநாள் பிற்பகல், அந்த இருட்டறையில் ஒரு பள்ளி ஆசிரியைக்குக் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எந்தக் காரணமும் இல்லாமல் பெரியவளின் இதயம் தறிகெட்டு ஓட ஆரம்பித்தது. மூச்சு பிடிபடவில்லை. விரல்கள் மரத்தன. கையில் இருந்த லென்ஸ் கீழே விழுந்து உடைந்தது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சோதித்தார்கள். இதயத்தில் குறை ஒன்றும் இல்லை, இது பீதித் தாக்குதல், முறையாகச் சிகிச்சை எடுத்தால் குறையும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. அதற்குப் பிறகு அது பலமுறை வந்தது. பெரியவள் அந்த அறைப் பக்கமே போவதை விட்டாள். முன்பக்கம் உட்கார்ந்து ஃபிரேம் எடுத்துக் கொடுத்தாள். கண் பார்க்க வேறொரு பரிசோதகர் வாரத்தில் சில நாள் வந்துபோனார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வீடே மாறிப்போனது. எல்லோருக்கும் அவள் மேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியம்தான் வினை. அம்மா தொலைக்காட்சித் தொடரில் யாராவது இருமினாலே சேனலை மாற்றினாள். அவள் எங்கே போனாலும் கணவன் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே வந்தான். சமையலறையில் பல்பு எரியவில்லை என்பதைக்கூட ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். "பெரியவகிட்ட சொல்லாதீங்க" என்பது அந்த வீட்டின் தாரக மந்திரமானது.

சின்னவளும் அவள் கணவனும் அதே கட்டடத்தில் மாடியில் இருந்தார்கள். சின்னவள் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மாலை, பெரியவள் துணி எடுக்க மாடிப்படி ஏறும்போது, திருப்பத்துக்கு அந்தப் பக்கம் தங்கையும் அம்மாவும் பேசுவது கேட்டது.

"பிரசவ அறைக்குள்ள என்கூட ஒருத்தரைத்தான் விடுவாங்களாம்மா. பேர் கொடுக்கச் சொன்னாங்க."

"நான் வர்றேன்டி."

"நீயா? ஊசி போட்டாலே நீதான் முதல்ல அழுவே. நான் பிள்ளையைப் பெறுவேனா, உன்னைத் தேத்துவேனா?"

"அப்போ உன் வீட்டுக்காரர்?"

"அவரா! தக்காளி நறுக்கும்போது கையைக் கீறிக்கிட்டு, ரத்தத்தைப் பார்த்து, கத்தியோட விழுந்தவர். நர்ஸ் என்னைப் பார்ப்பாங்களா, அவரைத் தூக்குவாங்களா?"

கொஞ்ச நேரம் இருவரும் சிரித்தார்கள். பிறகு சின்னவளின் குரல் தாழ்ந்தது.

"எனக்கு அக்காதான் வேணும்மா. சின்ன வயசிலிருந்தே எனக்கு வலின்னா அக்கா கையைத்தான் பிடிச்சுக்குவேன்."

"வேண்டாம்டி. கேட்டுடாதே. முடியாதுன்னு சொல்லவும் அவளுக்கு மனசு வராது. வந்து அங்க ஏதாவது ஆச்சுன்னா? தாங்கமாட்டா."

"தெரியும். கேட்கமாட்டேன்."

பெரியவள் சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டாள். கொடியில் காய்ந்த துணியை அன்று யாரும் எடுக்கவில்லை. படுக்கையில் உட்கார்ந்து யோசித்தாள். நானே போய், நான் வர்றேன்டி என்று சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? "நீ ஓய்வெடு அக்கா" என்று தங்கை என் தலையைத் தடவிவிட்டுப் போவாள். அதைவிட மோசம், பெரியவளுக்கே தன்மேல் நம்பிக்கை இல்லை. தங்கை தானாக வந்து கேட்கவேண்டும். கேட்கலாம், இவள் தாங்குவாள் என்று அவளுக்குத் தோன்றவேண்டும். குழந்தை பிறப்பதற்குள் தான் அப்படிப்பட்ட ஆளாக மாறியாகவேண்டும். டாக்டர் கொடுத்திருந்த ஆலோசகரின் எண்ணுக்கு மறுநாள் காலையிலேயே பேசினாள்.

ஆலோசகர் அவளைவிட வயதில் இளையவள். எந்த நிமிடமும் ஓட்டப்பந்தயத்துக்குக் கூப்பிடுவார்கள் என்பதுபோல எப்போதும் கேன்வாஸ் ஷூ போட்டிருப்பாள். அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வாடாத ஒரே காரணத்தால் பிளாஸ்டிக் என்று தெரிந்த ஒரு செடி.

"இதயம் படபடன்னு அடிக்கிறப்ப மனசு என்ன சொல்லுது?"

"மாரடைப்பு வருதுன்னு."

"வேற?"

"மயங்கி விழுந்துடுவேன்னு. எல்லார் முன்னாடியும்."

"இதுவரை விழுந்திருக்கீங்களா?"

பெரியவள் யோசித்தாள். "இல்லை. ஒவ்வொரு தடவையும் விழறதுக்குள்ள வெளியே ஓடிவந்துடுவேன்."

"உங்க வீட்டுல நிஜமாவே மயங்கி விழறவங்க யாராவது இருக்காங்களா?"

"இருக்காரே! தங்கை வீட்டுக்காரர். ரத்தத்தைப் பார்த்தா போதும்."

"விழறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் படபடப்பா இருக்குன்னு சொல்லுவாரா?"

"எங்கே சொல்ல! பேசிக்கிட்டே இருப்பார். அப்படியே பாய் சரியிற மாதிரி சரிஞ்சிடுவார்."

"அதான் வித்தியாசம். மயக்கம் வரணும்னா ரத்த அழுத்தம் இறங்கணும். பயத்துல அது ஏறும். உங்க உடம்பு விழறதுக்குத் தயாராகலை, ஓடறதுக்குத் தயாராகுது. மனசு அதைத் தப்பாப் படிச்சுட்டு, சாகப்போறோம்னு கத்துது. அந்தக் கத்தல்ல பயம் கூடுது. பயம் கூடினா இதயம் இன்னும் அடிக்குது. சுத்திச் சுத்தி அதேதான்."

பெரியவள் அவளை நம்பாமல் பார்த்தாள். டாக்டரும் இதைத்தானே சொன்னார்!

"நான் சொல்றதை நம்பவேண்டாம். எழுந்திரிங்க. செய்து பார்ப்போம்," என்றாள் ஆலோசகர்.

இருவரும் எதிரெதிரே நின்று வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு வாங்கினார்கள். பிறகு நின்ற இடத்திலேயே குதித்தார்கள். மேசை மேல் பேனா உருண்டது. வெளியே உட்கார்ந்திருந்த வரவேற்புப் பெண் கதவைத் திறந்து எட்டிப்பார்த்துவிட்டு, பேசாமல் மூடிக்கொண்டு போனாள். பெரியவளுக்கு விரல்கள் மரத்தன. தலை கிறுகிறுத்தது. இதயம் அதே அடி அடித்தது. அந்த இருட்டறையில் வந்த அத்தனையும், ஒன்று பாக்கியில்லாமல், இங்கே வெளிச்சத்தில் வந்து நின்றன.

"உங்களுக்கும் விரல் மரத்துப்போச்சா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள் பெரியவள்.

"உதடுகூட."

"அப்போ உங்களுக்கும் மாரடைப்பா?"

ஆலோசகர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். இருவரும் சிரித்து முடிக்கும்போது இதயம் தன் பாட்டுக்கு அடங்கியிருந்தது. அதை யாரும் அடக்கவில்லை என்பதைப் பெரியவள் கவனித்தாள்.

வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்தாள் ஆலோசகர். சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவேண்டும். பயம் வந்தால் வெளியே ஓடாமல், அது என்ன சொல்கிறது, நிஜத்தில் என்ன நடக்கிறது என்று இரண்டையும் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா! மறுநாள் காலை, கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, பெரியவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள். உட்கார்ந்த உடனேயே, "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல வேகம் கூடியது. வேகம் கூடக் கூட மூச்சு திணறியது. கடைசியில் அவள் கதவைத் தள்ளிய வேகத்தில், வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த கணவனின் முழங்காலில் கதவு இடித்தது. அவன் கையிலிருந்த பாட்டில் உருண்டு ஃபிரேம் மேசைக்கு அடியில் போனது.

"எனக்கெல்லாம் இது சரிப்படாதுங்க," என்றாள் அடுத்த முறை ஆலோசகரிடம். "பயப்படற எண்ணத்தை மாத்தித்தான் பார்த்தேன். ஒண்ணும் ஆகாதுன்னு நூறு தடவை சொன்னேன்."

"சொல்றப்ப அதை நம்பினீங்களா?"

"எங்கே நம்ப? நிறுத்தினா பயம் உள்ளே வந்துடுமேன்னு சும்மா சொல்லிக்கிட்டே..." பெரியவள் சட்டென்று நிறுத்தினாள். வாய் திறந்தபடி இருந்தது.

"என்னாச்சு?"

"முன்னே ஒருதடவை எங்க கடைக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்தாருங்க. உரிமம் புதுப்பிக்கக் கண் பார்க்கணும்னு. இந்த மாதிரி ஆளுங்க நிறையப் பேர், வெளியே காத்திருக்கும்போதே கதவு இடுக்கு வழியா எழுத்துப் பலகையைப் பார்த்து மனப்பாடம் பண்ணிடுவாங்க. இவர் நாற்காலியில உட்கார்ந்ததும், மேலேயிருந்து கடைசி வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிச்சார். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை."

"அப்புறம்?"

"நான் இன்னும் பலகைக்கு விளக்கே போடலை."

ஆலோசகர் மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. அவள் அந்த லாரி ஓட்டுநரின் கம்பீரமான முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் உட்கார்ந்து, எதையும் பார்க்காமல், ஒரு வரியை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் முகம்.

"நானும் அதைத்தானே பண்ணியிருக்கேன்!" என்றாள்.

"சரி, அவரை என்ன பண்ணினீங்க?"

"எழுத்தை மாத்திப் போட்டேன். இப்போ தெரியறதை மட்டும் சொல்லுங்கன்னேன். பாதி வரி மங்கலாத்தான் தெரியுதும்மான்னார். அதுக்கப்புறம்தான் அவருக்குச் சரியான கண்ணாடியே கொடுக்க முடிஞ்சது."

"அப்போ அடுத்த தடவை நீங்களும் ஒப்பிக்கவேண்டாம். தெரியறதை மட்டும் சொல்லுங்க. மங்கலா இருந்தா மங்கல்னே சொல்லுங்க."

திரும்பி வந்ததும் பெரியவள் செய்த முதல் வேலை, கணவனின் ஸ்டூலை எடுக்கச் சொன்னது.

"அந்த ஸ்டூலை உள்ளே கொண்டுபோங்க."

"ஏன்? சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்."

"இவ்வளவு பெரிய கடையில சும்மா உட்கார உங்களுக்கு வேற இடமே இல்லையா? நீங்க இங்கே காவலுக்கு உட்கார்ந்தா, உள்ளே எனக்கு ஏதோ ஆகப்போகுதுன்னுதானே அர்த்தம்?"

அவன் முகம் சுருங்கியது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனான். பெரியவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் கூப்பிடவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பயம் வந்தது. இந்த முறை அவள் ஒப்பிக்கவில்லை. தெரிகிறதைச் சொன்னாள். இதயம் வேகமாக அடிக்கிறது. சரி. கை ஈரமாக இருக்கிறது. சரி. மாரடைப்பு என்று மனசு சொல்கிறது. அது சொல்வது, நடப்பது இல்லை. நடப்பது என்ன? நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பட்டறையில் மெஷின் ஓடுகிறது. இவர் கோபத்தில் லென்ஸை வழக்கத்தைவிட அழுத்தித் தேய்க்கிறார். அந்தக் கடைசி எண்ணம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இதயம், யாரும் கவனிக்காத விருந்தாளி தானே கிளம்பிப் போவதுபோல, மெல்ல மெல்ல அடங்கியது.

தினமும் போனாள். சில நாள் நன்றாக இருந்தது, சில நாள் பாதியில் எழுந்து வந்தாள். எழுந்து வந்த நாளிலும் திரும்ப உள்ளே போனாள். ஒரு மதியம் அவள் வெளியே வந்தபோது கணவன் வாசலில் நின்றான். கையில் பாட்டில் இல்லை.

"எனக்குக் கண் பார்த்துவிடு," என்றான்.

"உங்களுக்கா? உங்க கண் கழுகுக் கண்ணுன்னு சொல்லுவீங்களே."

"கழுகுக்கும் வயசாகும்ல?"

இருட்டில் அவன் முகத்தில் கனமான சோதனை ஃபிரேமை மாட்டினாள். மூக்கில் அது சரியாக உட்கார, காதோரம் கையை வைத்துத் திருத்தினாள். இவ்வளவு நெருக்கத்தில் அவன் முகத்தை அவள் பார்த்து எத்தனை நாளாயிற்று! பயந்த நாளிலிருந்து அவன் அவளுக்குக் கணவனாக இல்லை, ஆஸ்பத்திரி ஆயா மாதிரி ஆகியிருந்தான்.

"இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?"

"நீ தெளிவா இருக்கே."

"பலகையைப் பாருங்க."

"பலகை எங்கேயும் போயிடாது."

"பேசாதீங்க, உங்க மூச்சு லென்ஸ்ல படியுது." அவள் குரலில் கண்டிப்பு இருந்தது. கை அவன் காதோரத்தை விட்டு எடுபடவில்லை.

படிக்கிற கண்ணாடி போட வேண்டிய வயது அவனுக்கு எப்போதோ வந்திருந்தது. வருஷக்கணக்காக, கையை நீட்டி நீட்டிப் படித்துச் சமாளித்திருக்கிறான். அன்று சாயங்காலம், தானே தனக்கு ஒரு கண்ணாடி செய்து மாட்டிக்கொண்டு கடை முழுக்க நடந்தான். "இந்தக் கடையில கண் பார்க்கிறவங்க ரொம்ப கெட்டிக்காரங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

ஆனாலும் பெரியவளின் மனசுக்குள் ஒரு குரல் இருந்தது. கூட இருந்தவர் கணவன், அதனால்தான் பயம் வரவில்லை. வேறு யாராவது நாற்காலியில் இருந்து, அந்தப் பழைய பயம் முழுசாக வந்தால்? அப்போது தெரியும் உன் வண்டவாளம். அதுவும் ஒரு எண்ணம்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பொய்யா நிஜமா என்று பார்க்க ஒரு வாய்ப்புதான் கிடைக்கவில்லை.

அது சின்னவள் உருவத்தில் வந்தது.

அன்று வெளியிலிருந்து வரும் பரிசோதகர் வரவில்லை. சின்னவள், வயிற்றை முன்னே விட்டுப் பின்னே நடந்து, கடையின் பின்வாசல் வழியாகப் பட்டறைக்குள் நுழைந்தாள். முன்பக்கம் ஃபிரேம் துடைத்துக்கொண்டிருந்த பெரியவளுக்கு அவள் கிசுகிசுப்பு நன்றாகவே கேட்டது. சின்னவளின் கிசுகிசுப்பு அப்படிப்பட்டது.

"அத்தான், கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு. கண்ணாடி அழுக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

பெரியவள் துணியை மேசைமேல் வைத்துவிட்டுப் பட்டறை வாசலுக்குப் போனாள்.

"ஏன்டி, கண்ணு மங்கலா இருக்குன்னு கண்ணாடிக் கடைக்கு வந்து, கண் பார்க்கிறவகிட்ட சொல்லாதீங்கன்னா, வேற யாருகிட்ட சொல்றது? செருப்புக் கடையிலயா?"

சின்னவள் திகைத்து நின்றாள். கணவன் தன் புதுக் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெஷினை ஓடவிட்டான்.

"அக்கா, அது ஒண்ணுமில்லை..."

"தலைவலி இருக்கா? கண்ணு முன்னாடி மின்னல் மாதிரி ஏதாவது தெரியுதா? கை, முகம் வீங்கியிருக்கா?"

"இல்லை."

"ரத்த அழுத்தம் பார்த்தாங்களா?"

"இன்னிக்குக் காலையிலதான் போயிட்டு வந்தேன். மங்கல்னு டாக்டர்கிட்டயும் சொன்னேன். எல்லாம் பார்த்துட்டு, நல்லா இருக்கு, கண்ணையும் ஒருதடவை காட்டிடுன்னாங்க."

"அப்போ உள்ளே வா."

"எங்கே?" சின்னவளின் கண்கள் அந்தக் கதவைப் பார்த்தன. "அந்த ரூமுக்கா? அக்கா, வேண்டாம். பரிசோதகர் நாளைக்கு வருவார்ல?"

"உள்ளே வாடி."

கதவு மூடியது. விளக்கு அணைந்தது. எழுத்துப் பலகை மட்டும் ஒளிர்ந்தது. பெரியவள் சிறு விளக்குக் கருவியை எடுத்து, தங்கையின் கண்ணுக்குள் ஒளிக்கீற்றை அனுப்பி அளந்தாள். லென்ஸ்களைத் தேர்ந்தெடுத்தாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது குனிந்தவளின் முழங்கையில் சின்னவளின் வயிறு பட்டது. உள்ளே குழந்தை ஒரு உதை விட்டது. இரண்டு உயிர் என் கையில் இருக்கிறது, இந்த நேரத்தில் எனக்கு ஏதாவது ஆனால் என்று ஒரு நினைப்பு ஓடியது.

அதுதான் தாமதம். பழைய பயம் முழுசாக வந்தது. இதயம் தொண்டைக்கு ஏறியது. சுவர்கள் நெருங்கின. விரல்கள் மரத்தன. ஒரு லென்ஸ் இன்னொரு லென்ஸில் இடித்துக் கிணுகிணுத்தது.

"அக்கா," என்றாள் சின்னவள் இருட்டில். "உன் கை நடுங்குது."

"ஆமா."

"அத்தானைக் கூப்பிடட்டுமா?"

கூப்பிடு என்று சொல்ல நாக்கு எழுந்தது. கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் ஓடிவிட்டால் தங்கை கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆறுதல்தான் சொல்வாள். பிறகு ஒருநாளும் எதையும் கேட்கமாட்டாள்.

ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது... பெரியவள் தன்னைப் பிடித்து நிறுத்தினாள். ஒப்பிக்காதே. என்ன தெரிகிறது, அதைச் சொல். இதயம் அடிக்கிறது. அடிக்கட்டும், குதித்தபோதும் இப்படித்தான் அடித்தது. மயங்கப்போகிறேன் என்கிறது மனசு. நான் நிற்கிறேன். கால் தரையில் இருக்கிறது. கை நடுங்குகிறது, ஆனால் நடுங்கும் கை சரியான லென்ஸைத்தான் எடுத்திருக்கிறது.

"கூப்பிடாதே," என்றாள். "எனக்குப் படபடப்பா வருது. அது வரும், போகும். அதுக்கும் உன் கண்ணுக்கும் சம்பந்தமில்லை. நீ மேலேயிருந்து நாலாவது வரியைப் படி."

"அக்கா..."

"படிடி."

சின்னவள் படித்தாள். பெரியவள் லென்ஸை மாற்றினாள்.

"இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?"

"முதல்ல போட்டது."

"இப்போ?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நல்லாப் பார்த்துச் சொல்லு. அவசரமில்லை."

அவசரமில்லை என்று தங்கைக்குச் சொன்னது தனக்கும் கேட்டது. உண்மையிலேயே அவசரமில்லை. பயம் உச்சத்துக்கு ஏறி நின்றது. இதற்கு மேல் ஏற இடமில்லை என்பதுபோல நின்றது. பெரியவள் அதைத் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. அது ஒரு பக்கம் நிற்க, அடுத்த கண்ணுக்குப் போனாள். ஐந்தாவது வரி. ஆறாவது வரி. எந்த லென்ஸை மாற்றும்போது கை நடுக்கம் நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. இடது கண் முடிந்து, சோதனை ஃபிரேமைக் கழற்றும்போது பார்த்தால், விரல்கள் எப்போதும்போல இருந்தன.

ஓடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. வேலை முடிந்துவிட்டது! இருட்டில் யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் பெரியவள் முஷ்டியை இறுக்கி ஒருமுறை காற்றில் குத்தினாள்.

"நான் பார்த்துட்டேன்," என்றாள் சின்னவள்.

"பார்த்தியா? அப்போ உன் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை."

விளக்கைப் போட்டாள். இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கொஞ்சம்தான் மாறியிருக்கு," என்றாள் பெரியவள், கையைத் துடைத்துக்கொண்டே. "மாசமா இருக்கும்போது சில பேருக்கு இப்படி ஆகும். இப்போ புதுக் கண்ணாடி போடவேண்டாம். குழந்தை பிறந்து கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம். தலைவலி வந்தாலோ, மங்கல் கூடினாலோ, உடனே டாக்டர்கிட்ட போகணும். என்கிட்டயும் சொல்லணும். மறைக்கக்கூடாது."

சின்னவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இப்போ உனக்கு வந்துச்சுல்ல? அன்னிக்கு வந்த மாதிரியே?"

"அதே மாதிரிதான்."

"எப்படி நிறுத்தினே?"

"நான் எங்கே நிறுத்தினேன்? அது பாட்டுக்கு வந்துச்சு, போச்சு. நான் என் வேலையைப் பார்த்தேன்."

"திரும்ப வருமா?"

"வரலாம்." பெரியவள் லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அதனதன் இடத்தில் செருகினாள். "வந்தா அப்பவும் இப்படித்தான். உன்கிட்ட சொல்லிட்டு வேலையைப் பார்ப்பேன்."

சின்னவள் அவளையே பார்த்தாள். பாதுகாக்க வேண்டிய ஒருத்தியைப் பார்க்கும் அந்தப் பார்வை, இத்தனை மாதமாகப் பெரியவளைக் கொன்றுகொண்டிருந்த பார்வை, கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அதன் பின்னாலிருந்து, சின்ன வயசில் முழங்காலில் அடிபட்டால் அழுதுகொண்டே ஓடிவரும் அந்தச் சின்னவள் எட்டிப்பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லை... இல்லை, இருக்கு."

பெரியவளுக்கு அது என்னவென்று தெரியும். நான் வர்றேன் என்ற வார்த்தை நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினாள். பெட்டியை மூடவில்லை, கதவைத் திறக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. பட்டறையில் மெஷின் நின்றது. தங்கை தன் இரு கைகளாலும் அவள் கையைப் பற்றி இழுத்து, தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள்.

"அக்கா, எனக்கு ரொம்ப பயமா இருக்கு. பிரசவ அறைக்குள்ள என்கூட நீ வர்றியா?"